வெட்டுவதற்கு முன் கேட்டவர்கள்: நாகர்கோவிலில் கொப்பு வெட்டும் குழு ஒன்றைப் பற்றிய மதிப்புரை

எங்கள் வீட்டு அயினி மரத்துக்குக் கொப்பு வெட்டுவதற்காகக் கடந்த மாசி மாதம் நான் அழைத்த குழுவுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ரசீதுப் புத்தகமும் கிடையாது. தென்னையில் ஏறித் தேங்காய் வெட்டித் தருபவர் சொல்லித்தான் அவர்களை அறிந்தேன். பேசி வேலையை ஏற்பவர் ஒருவர், மரம் ஏறுபவர்கள் இருவர், கீழே வடம் பிடிப்பவர் ஒருவர் என நான்கு பேர். இரண்டு நாள் வேலை. கூலியும் வண்டி வாடகையும் சேர்த்து 11,500 ரூபாய். கையிலிருந்து கொடுக்கும்போது மனம் சற்றுக் கூசும் தொகைதான். இருப்பினும் அடுத்த முறையும் அவர்களையே அழைப்பேன். அதற்கான காரணங்களையும், அவர்களிடம் எனக்குள்ள குறைகளையும், வீட்டில் பெரிய மரத்தை வைத்துக்கொண்டு அண்டை வீட்டாரின் முகத்தைப் பார்க்கத் தயங்குகிற மற்றவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அயினியைக் கண்டிராத வெளிமாவட்டத்தாருக்காக ஒரு சொல். அது பலாவின் உறவு மரம். மலையாளத்தில் ஆஞ்ஞிலி என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவுகளுக்கு உரிய அந்த மரம், குமரி மாவட்டத்துப் பழைய விளைகளில், அதாவது தோப்புகளில், மாவையும் புளியையும் தாண்டி நெடுநெடுவென உயர்ந்து நிற்கும். கதவுக்கும் நிலைக்கும் வள்ளத்துக்கும் ஏற்ற தடி, அதாவது அறுத்துப் பயன்படுத்தும் மரம், என்பதால், பேரன் வீடு கட்டும்போது உதவும் என்று பாட்டாமார் நட்டு வைத்தார்கள். கைக்குள் அடங்கும் முள்தோல் பழங்கள், எங்கள் பேச்சில் சக்கைகள், சித்திரையிலும் வைகாசியிலும் பழுத்து விழும். அவற்றின் சுளைக்கு அணிலும் வௌவாலும் பள்ளிப் பிள்ளைகளும் போட்டி போடுவார்கள். எங்கள் மரத்தை என் பாட்டா நட்டபோது வடசேரிக்கு அப்பால் இந்த இடம் வெறும் விளையாக இருந்தது. பிறகு விளை மனைகளாகி, மனைகள் வீடுகளாகி, நடுவே தெருவும் வந்துவிட்டது; மரம் மட்டும் பழைய எல்லைக்கல்லை ஒட்டி நின்றபடியே நான்கு வீடுகளுக்கும் தெருவுக்கும் மேலாகத் தன் கொப்புகளை விரித்துக்கொண்டது. அடிமரம் என்னுடையது, நிழல் தெருவினுடையது, சருகு யாருடையது என்பதில்தான் வழக்கு.

மரம் வேண்டும் என்போர், வேண்டாம் என்போர் என்று மக்களை இரண்டு அணியாகப் பிரித்துப் பேசுகிறவர்கள் ஒரு தெருவில் நிலையாகக் குடியிருந்ததில்லை என்றே நினைக்கிறேன். எதிர்வீட்டுத் தம்பி தன் காரை அயினியின் நிழலில் மட்டுமே நிறுத்துவார். வைகாசியில் அதே காரின் கண்ணாடியில் சக்கை விழுந்தால் என்னிடம் வந்து நியாயமும் கேட்பார். முக்கில் தேநீர்க்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு மாலை மூன்று மணிக்குமேல் மேற்கு வெயிலை மறைப்பது இந்த மரம்தான். ஆனால் காலையில் கடைவாசலைப் பெருக்கும்போது அவர் சொல்லும் சொற்களை இங்கே எழுத முடியாது. வடக்கு வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பறவைகளின் பெயர்களைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகவே மாலையில் இந்த மரத்தைக் காட்டிக்கொண்டு நிற்பவர். ஆனால் மரத்தை முழுவதுமாக முறித்துவிட வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாகக் கேட்டு வந்தவரும் அவரேதான். “மரம் உங்களுக்கது, மட்டுப்பா எனக்கது” என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம். மட்டுப்பா என்பது எங்கள் பக்கத்தில் மொட்டை மாடி.

நகரத்தின் நடுவிலேயே வேப்பமூடு என்ற சந்திப்பை வைத்திருக்கும் ஊர் இது. மூடு என்றால் எங்கள் பேச்சில் மரத்தின் அடி. தெங்கம்புதூர், நாவல்காடு, புன்னைநகர் என்று முகவரியிலேயே மரத்தை எழுதுகிறவர்கள்தான், எழுதிய கையோடு ஓடையை அடைக்கும் சருகுக்காக மரத்துக்குரியவனை ஏசவும் செய்கிறோம். இதில் முரண் எதுவும் இருப்பதாக எங்களுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஆச்சியின் நிலை வேறு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது ரப்பரும் வாழையும் தென்னையும் மின்கம்பங்களும் சாய்ந்ததைக் கண்ட யாருக்கும் அந்த ஓசை மறக்காது. ஆச்சியின் அடுக்களைமேல் அன்று அவருடைய சொந்தத் தென்னையே விழுந்தது. அதன் பிறகு, ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பலமாக அடிக்கும் இரவுகளில் அவர் உறங்குவதில்லை என்று மருமகள் சொல்வார். ஆச்சி ஒருமுறைகூட மரத்தை வெட்டு என்று கேட்டதில்லை. என்னைக் காணும்போதெல்லாம் “மக்கா, இது சாயுமா?” என்று மட்டுமே கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததுதான் உண்மையில் என்னை ஆள் தேட வைத்தது.

முதலில் வந்து பார்த்தவர் இந்தக் குழுவைச் சேர்ந்தவர் அல்லர். அவர் மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இரு கைகளாலும் அணைத்துச் சுற்றளவை அளந்தார். மேலே பார்க்கவே இல்லை. உள்ளே பொந்து விழுந்துவிட்டது, அடுத்த காற்றைத் தாங்காது என்றும், மூட்டோடு எடுத்துக்கொண்டால் எனக்குச் செலவில்லை என்பதோடு கையில் 35,000 ரூபாய் தருவதாகவும் சொன்னார். வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அயினி, தேக்கு, பலா, மகாகனி போன்ற விலையுள்ள தடி மரங்களுக்குப் பழுது பார்க்க வருகிறவர், தடியையே கூலியாக எடுத்துக்கொள்கிறவராக இருந்தால், மரம் நிற்பதில் அவருக்கு எந்த ஆதாயமும் கிடையாது. நோய் இருக்கிறதா என்ற கேள்வியை அவரிடம் கேட்பதே வீண். கூலி தனி, தடி தனி என்று தொடக்கத்திலேயே பிரித்துப் பேசாதவரை எந்த மரத்தைப் பற்றியும் நேர்மையான கருத்துக் கிடைக்காது என்பது என் அனுபவம்.

நான் இப்படி எச்சரிக்கையானதற்கு வாசலில் நிற்கும் பூவரசு காரணம். சில ஆண்டுகளுக்கு முன், மலிவாகச் செய்து தருவதாகச் சொன்ன வேறு இரண்டு பேரை அழைத்து அதன் உயரத்தைக் குறைக்கச் சொன்னேன். அரை நாளில் தலையை மொட்டையடித்து, தொடை பருமனுள்ள கொப்புகளை நடுவிலேயே துண்டித்துவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் ஒவ்வொரு முண்டத்தின் நுனியிலும் துடைப்பம்போல இருபது முப்பது தளிர்கள் கிளம்பின. தெருவே மரம் பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்தது. ஆனால் அப்படிக் கிளம்பும் போத்துகள் பழைய கொப்பைப்போல மரத்தின் உள்வயிரத்தில் வேர்கொண்டவை அல்ல; பட்டைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வேகமாக நீள்பவை. இப்போது அவை கை பருமனாகிக் காற்றுக்கு ஒன்றொன்றாகப் பிய்ந்து விழுகின்றன. வெட்டுப்பட்ட முண்டங்களின் நடுவே மழைநீர் தங்கி உளுத்துவிட்டது. மரம் சாயாமல் இருக்க வேண்டும் என்று செய்த வேலை அதனை முன்பைவிட ஆபத்தானதாக்கியது. அதற்குக் கூலி கொடுத்தவன் நான்.

மாசியில் வந்த குழுவின் தலைவர், வேலைக்கு முன் மரத்தைப் பார்க்க வந்த அன்று கருவி எதையும் கொண்டு வரவில்லை. ஒரு சுண்ணாம்புக் கட்டியும் நீளமான மூங்கிலும் மட்டும் கொண்டு வந்தார். மரத்தடியில் நின்று கால் மணி நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்த பிறகு என்னிடம் அவர் சொன்னது இது: “மரத்த முறிக்கது எளுப்பம், அண்ணாச்சி. யாருக்கு எந்தக் கொப்பு தொந்தரவுன்னு கேட்டுட்டு வாறேன்.” சொன்னபடியே நான்கு வீடுகளிலும் கடையிலும் ஏறி இறங்கினார். நானும் பின்னால் நடந்தேன். மூன்று ஆண்டுகளாக ஆசிரியர் என்னிடம் சொல்லி வந்ததையும் அவரிடம் அன்று சொன்னதையும் ஒப்பிட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது. நான் இதுவரை கேட்டதெல்லாம் மரத்தை முறி என்ற முடிவை மட்டும். அவர் கேட்டது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதை.

மாடியில் ஏறிப் பார்த்தபோது விளங்கியது. அயினியின் இலை ஒரு சாண் நீளமும் தோல்போன்ற தடிப்பும் கொண்டது. வேப்பஞ்சருகுபோல நொறுங்கித் தண்ணீரோடு போய்விடாது. மாடியின் தென்கிழக்கு மூலையில் உள்ள மழைநீர்க் குழாயின் வாயில் ஒரே ஓர் இலை குப்புற விழுந்தால் மூடி போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும், நீர் தேங்கும், தேங்கிய நீர் தளத்தின் விரிசல் வழியே கீழே படுக்கையறைச் சுவரில் இறங்கும். அந்தச் சுவரில் உப்புப் பூத்த கறை ஆள் உயரத்துக்கு இருந்தது. இத்தனைக்கும் அந்த மூலைக்கு நேர்மேலே இருந்தவை மூன்றே கொப்புகள். குழுத்தலைவர் மூங்கிலின் நுனியில் சுண்ணாம்பைக் கட்டி அந்த மூன்றிலும் கோடு போட்டார். எதிர்வீட்டுத் தம்பி, “சக்கை விழுற கொப்ப எடுங்க, நிழல் தாற கொப்பத் தொடாதீங்க” என்றார். இரண்டும் ஒரே கொப்புதான் என்று காட்டியபோது சற்று யோசித்துவிட்டு, வைகாசியில் காரைத் தள்ளி நிறுத்திக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். இப்படித் தெருவெங்கும் கேட்டு முடித்தபோது கோடு விழுந்தவை மொத்தம் 11 கொப்புகள். பாதி மரத்தையாவது இழக்க நேரிடும் என்று நான் அஞ்சியிருந்தேன். ஒரே முறையில் இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுத்தால் மரம் தளர்ந்துவிடும் என்று சொல்லி, பதினொன்றோடு அவரே நிறுத்திக்கொண்டார்.

வேலை செய்த விதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வீட்டுக்கு மின்சாரம் வரும் கம்பி ஒரு கொப்பை உரசிக்கொண்டிருந்ததால், எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளைக் கேட்டு, அந்த நாளையே முதல் நாளாகக் குறித்தார்கள். மேலே ஏறியவர் பெரிய கொப்பை எடுக்கும்போது அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி முதலில் அடிப்பக்கத்தில் கால்வாசி அறுத்தார். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தார். கொப்பு முறியும்போது பட்டை உரிந்து அடிமரம்வரை கிழிந்து வராமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. மேல்கவையில் போட்டிருந்த வடத்தின் மறுமுனையைக் கீழே இருந்தவர் அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். முறிந்த கொப்பு தடதடவென விழாமல், கிணற்றில் வாளி இறங்குவதுபோல, ஆசிரியர் வீட்டுத் தகரக் கொட்டகையின் ஓரத்தைத் தொடாமல் இறங்கி வந்தது. கடைசியாக எஞ்சிய முண்டத்தை அறுத்த இடத்தை அருகில் சென்று பார்த்தேன். கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் அணிந்த விரல்போலப் பட்டை சற்றுத் தடித்திருக்கும். அந்தத் தடிப்புக்கு ஒட்டி வெளியே அறுத்திருந்தார்கள். தடிப்பையும் சேர்த்து அடிமரத்தோடு சீவினால் காயம் மூடத் தாமதமாகும். நீளமாக முண்டு விட்டால் என் பூவரசின் கதிதான். வெட்டுவாயில் வெண்ணெய்போலப் பால் கசிந்து, பத்து நிமிடத்தில் பழுப்பாகக் கட்டிக்கொண்டது.

ஆச்சியை இரண்டாம் நாள் காலையில் குழுத்தலைவரே கையைப் பிடித்து அழைத்து வந்தார். வெட்டுக்கத்தியின் பின்புறத்தால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிக் காட்டினார். எங்கும் கெட்டியான ஓசைதான், பொந்தின் ஓசை இல்லை. பிறகு மூட்டில் வேர்கள் பலகைபோலப் புடைத்து நிலத்தில் இறங்குவதைக் காட்டி, தென்மேற்குப் பக்கத்து வேர் மட்டும் என் முற்றத்துச் சிமெண்டுக் கற்களுக்கு அடியில் நெருக்குண்டு கிடப்பதைச் சொன்னார். காற்று வரும் திசையின் வேர்தான் மரத்தை இழுத்துப் பிடிக்கிறது என்றும், கற்களை இரண்டு வரிசை எடுத்துவிட்டு மண்ணைத் திறந்துவிட வேண்டும் என்றும் என்னைப் பார்த்துச் சற்றுக் கடுமையாகவே சொன்னார். ஆக, ஆச்சியின் உறக்கத்தைக் கெடுத்ததில் புயலோடு என் முற்றத்து அழகுக்கும் பங்கு இருந்திருக்கிறது. “சாயாதுன்னு எழுதித் தர முடியாது ஆச்சி, ஆனா இண்ணைக்கு நல்லா நிக்குது” என்று அவர் சொன்ன பதிலை, அவரிடமிருந்து கிடைத்த சேவைகளிலேயே உயர்ந்ததாகக் கருதுகிறேன். சாயவே சாயாது என்று சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

தெருவோரத்தில், மதிலுக்கு வெளியே நிற்கும் வேம்பின் ஒரு கொப்பையும் சேர்த்து எடுத்துவிடும்படி ஆசிரியர் கேட்டார். கூலியைத் தானே தருவதாகவும் சொன்னார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். அது பொது இடத்து மரம், அனுமதி இல்லாமல் தொட மாட்டோம் என்றார்கள். பொது இடங்களில் மரம் வெட்டுவதற்கான கோரிக்கைகளை ஆராய்வதற்கென்றே 2021-ஆம் ஆண்டில் மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் படித்தவர்களே நினைவில் வைத்துக்கொள்ளாத ஊரில், கைக்கு வந்த பணத்தை வேண்டாம் என்று சொன்னவர்களைப் பாராட்டுவதுதான் முறை.

இனிக் குறைகள். முதல் நாள் எட்டரை மணிக்கு வருவதாகச் சொல்லிப் பத்தேகாலுக்கு வந்தார்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்த நேரத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அதில் வீணானது. அதை ஈடுகட்டுவதற்காக மறுநாள் ஆறரை மணிக்கே இயந்திர வாளை ஓட்டத் தொடங்கினார்கள், அது பொதுத்தேர்வுக் காலம் என்பதையும், பின்வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருப்பதையும் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஏறியவர்களில் ஒருவர் மட்டுமே இடுப்பில் பட்டை கட்டியிருந்தார். மற்றவர் வெறும் கயிற்றோடு நாற்பதடி உயரத்தில் நின்றதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தலைக்கவசம் இருவருக்கும் இல்லை. இதனை அவர்கள் திருத்திக்கொள்ளாவிட்டால் இந்த மதிப்புரையில் நான் எழுதிய நல்ல சொற்களுக்குப் பொருளில்லை என்றே சொல்வேன். அழைப்பவர்களும் இருவருக்கும் பட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

வெட்டுவாயில் பூசுவது குறித்தும் ஒரு சிறு தகராறு. ஒரு பங்கு மயில்துத்தம், ஒரு பங்கு சுண்ணாம்பு, பத்துப் பங்கு தண்ணீர் என்ற கணக்கில், வெட்டுவாயைப் பூஞ்சை தாக்காமல் இருக்கப் பூசும் போர்டோ பசையை நான் முன்னிரவே ஞெகிழிப் பாத்திரத்தில் கலந்து வைத்திருந்தேன். அவர்கள் அதைத் தொடாமல், தாங்கள் கொண்டு வந்த தாரை இரண்டு பெரிய வெட்டுகளில் அப்பிவிட்டு இறங்கிவிட்டார்கள். வெட்டுச் சுத்தமாக இருந்தால் எதையும் பூசாவிட்டாலும் பெரும்பாலும் மரம் தானே பார்த்துக்கொள்ளும் என்பதால் இதை நான் பெரிதாக்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டு வெட்டும் பழக்கமுள்ளவர்கள் கேட்டுவிட்டுப் பூசவும் செய்திருக்கலாம்.

சருகையும் சிறு கொப்புகளையும் வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். கூலி தனி, தடி தனி என்று முன்பே பேசியிருந்ததால் பருத்த துண்டுகளை எனக்கே அடுக்கிக் கொடுத்தார்கள். அறுத்த தூள் மட்டும் ஓடையில் கிடந்து ஊறி, மறுநாள் காலை மண்வெட்டியோடு இறங்கியவன் நான்தான். தேநீர்க்கடை அக்கா அன்றும் தன் வழக்கமான சொற்களைச் சொன்னார்.

பணத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்காக: ஒரே நாளில் பாதி விலைக்கு மொட்டையடித்துத் தருவோர் இருக்கிறார்கள். ஆனால் மொட்டையடித்த மரத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆள் தேட வேண்டியிருக்கும். இவர்கள் நான்கு ஆண்டுக்கு அழைக்க வேண்டாம் என்று தங்களுக்கு வரவேண்டிய வேலையைத் தாங்களே தள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சிமெண்டுக் கற்களைப் பெயர்க்கத் தனியாக ஒரு கொத்தனாருக்கு 900 ரூபாய் ஆனது.

வைகாசிக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி இரண்டு இரவுகள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தபோது, கொடுத்த 11,500 ரூபாயும் தண்ணீரில் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன். மட்டுப்பாவில் இரண்டு இலைகள் கிடக்கின்றன, குழாய்வாய் வரை வரவில்லை என்றார். பிறகு சற்றுத் தயங்கி, இந்த ஆண்டு சக்கை குறைவாகத்தான் விழுகிறது, பேரன் கேட்கிறான், உங்கள் பக்கத்தில் விழுந்தால் இரண்டு எடுத்து வையுங்கள் என்றார்.